முனையிலிருந்து ஒரு சாண்

பூல் பழகத் தொடங்கிய எவரும் சில வாரங்களுக்குள் ஒரு புதிரில் போய் முட்டிக்கொள்வார்கள். வெள்ளைப் பந்தின் நட்ட நடுவில் அடிக்கும்வரை தொல்லை இல்லை. கியூ எங்கே காட்டுகிறதோ அங்கே பந்து ஓடும். அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்து வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை வந்ததும், அதற்குச் சுழற்சி கொடுப்பதற்காகப் பந்தின் வலப்பக்கத்தில் அடிக்கிறோம். கியூவின் கோடு மாறவில்லை, முன்போலவே இலக்கை நோக்கி நேராகத்தான் நீண்டிருக்கிறது. ஆனாலும் பந்து இடப்பக்கமாக விலகிப் போய்விடுகிறது. இடப்பக்கத்தில் அடித்தால் வலப்பக்கம் விலகுகிறது.

இந்த விலகல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதும் அல்ல. சாதாரண மரத்தண்டு ஒன்றால் பக்கச் சுழற்சியை ஏறக்குறைய முழு அளவில் கொடுத்தால் பந்து சுமார் இரண்டரைப் பாகை விலகும். ஒன்றேகால் மீற்றர் ஓடுவதற்குள் அது 5 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். பூல் பந்தின் விட்டமே 5.7 சென்ரிமீற்றர்தான். இலக்குப் பந்தின் நடுவுக்குக் குறி வைத்தவருடைய வெள்ளைப் பந்து, அதன் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் கடந்து போகும்.

பழகுபவர் முதலில் தன் கையைச் சந்தேகிப்பார். அடுத்துக் கியூவைச் சந்தேகிப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது, ‘லோ டிஃப்லெக்ஷன் ஷாஃப்ட் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கியூ தருவிக்க நினைக்கும் ஒருவருக்கு இது பெரிய பணக் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் பந்து ஏன் விலகுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பூல் கியூ பெரும்பாலும் இரண்டு துண்டு. கை பிடிக்கும் கனமான பின்பகுதியை அடித்தண்டு என்றும், பந்தை நோக்கி ஒடுங்கிப் போகும் முன்பகுதியை முன்தண்டு என்றும் சொல்லலாம். ஷாஃப்ட் என்று ஆட்டக்காரர் சொல்வது இந்த முன்தண்டைத்தான். அதன் நுனியில் மரம் பிளக்காமல் காக்க ஒரு பூண், உலக்கைக்கு இருப்பதைப் போலவே. பூணின் தலையில் ஒட்டிய தோல் வட்டம்தான் பந்தைத் தொடும் முனை.

முனை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் அடி விழுந்ததும் பந்து முன்னோக்கி நகரத் தொடங்குகிறது, கூடவே சுழலவும் தொடங்குகிறது. மேலிருந்து பார்த்தால் அதன் பின்முகம் வலப்பக்கமாகத் திரும்பும். சோக்கு பூசிய தோல் அந்த முகத்தை வழுக்காமல் பற்றிக்கொண்டிருப்பதால், முனையும் பந்தோடு சேர்ந்து வலப்பக்கம் இழுபடுகிறது. பந்து முனையை வலப்பக்கம் தள்ளினால் முனை பந்தை இடப்பக்கம் தள்ளும். பாடசாலையில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். அந்த எதிர்த்தள்ளலே பந்தைத் திசை மாற்றுகிறது. இதை எதிர்விலகல் என்று அழைப்போம், ஏனென்றால் சுழற்சி கொடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே அது எப்போதும் நிகழ்கிறது.

எவ்வளவு விலகும் என்பதை எது தீர்மானிக்கிறது? கொட்டியாரக் குடாவில் ஒரு வள்ளத்தில் நின்றுகொண்டு பக்கத்து வள்ளத்தைக் கோலால் தள்ளிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வள்ளம் வெறுமையாக இருந்தால் அது சட்டென்று விலகிப் போகும், உங்கள் வள்ளம் அசைந்தது போலவே இருக்காது. அதே வள்ளத்தில் ஈர வலையும் மீனும் நிறைந்திருந்தால், அதை அதே வேகத்தில் விலக்குவதற்கு நீங்கள் ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும். அப்போது உங்கள் வள்ளமும் நன்றாகவே பின்வாங்கும். வெள்ளைப் பந்து உங்கள் வள்ளம், முன்தண்டின் நுனி பக்கத்து வள்ளம். நுனி இலேசாக இருந்தால் பந்து அதைப் பக்கவாட்டில் எளிதில் ஒதுக்கிவிட்டுத் தன் வழியே போகும். நுனி கனமாக இருந்தால் பந்துதான் ஒதுங்க வேண்டிவரும்.

ஆகவே கணக்கில் வருவது நுனியின் திணிவு, அதாவது முனைத்திணிவு. கியூ முழுவதன் எடை சுமார் 540 கிராம். அதில் இந்தப் பக்கத்தள்ளலில் பங்கெடுப்பது பத்துக் கிராமுக்கும் குறைவு. மீதி அரைக் கிலோ ஏன் சும்மா இருக்கிறது என்ற கேள்விக்கு விடையும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனில்தான் இருக்கிறது. நுனி பக்கவாட்டில் தள்ளப்பட்டது என்ற சேதி, மரத்தின் ஊடாக ஓர் அதிர்வலையாகப் பின்னோக்கிப் பயணிக்க வேண்டும். அந்த அலை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை, நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு சாண், போய்ச் சேர்வதற்குள் பந்து முனையை விட்டுப் போய்விடுகிறது. பின்னால் இருக்கும் மரத்துக்கும், பூணிட்ட மூட்டுக்கும், அடித்தண்டின் அலங்காரத்துக்கும், பிடித்திருக்கும் கைக்கும் நுனியில் நடந்தது தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. அடித்த கை மனிதக் கையாக இருக்கும்வரை விலகலுக்குத் தண்டு காரணமா கை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 1990களில் அமெரிக்காவில், பிரெடேட்டர் என்ற பெயரில் முன்தண்டு செய்யத் தொடங்கியவர்கள் கையையே அகற்றினார்கள். ‘அயர்ன் வில்லி’ என்று பெயரிட்ட ஓர் இயந்திரக் கை, ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் கியூவைச் செலுத்தியது. தண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பந்து எங்கே போய் விழுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். 2001இல் ரொன் ஷெப்பர்ட் என்பவர் முனைத்திணிவை மையமாக வைத்து எதிர்விலகலுக்கான கணக்கை விரிவாக எழுதினார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்த டேவிட் அல்சியாட்டோரே செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமை. தண்டின் நுனிக்கருகே ஒரு சிறு பாரத்தைப் பொருத்தி அடித்துப் பார்த்தார், விலகல் கூடியது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினார், கூடிய விலகல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு சாண் தாண்டியபின் பாரம் இருப்பதும் இல்லாததும் ஒன்றாயிற்று. தண்டு வளைந்து கொடுப்பதால்தான் விலகல் குறைகிறது என்ற பழைய நம்பிக்கை இந்தச் சோதனைகளின் முன் நிற்கவில்லை. நன்றாக வளையும் தண்டின் நுனி கனமாக இருந்தால் அது அதிகம் விலக்கும். விறைப்பான தண்டின் நுனி இலேசாக இருந்தால் குறைவாக விலக்கும்.

இது தெரிந்ததும் தண்டு செய்பவர்களுக்கு வழி தெளிவாயிற்று. முன்பகுதியைத் துளைத்து உள்ளீடற்றதாக்கு, பூணைச் சிறிதாக்கு, கனமான பொருளுக்குப் பதில் இலேசான பிளாஸ்திக்கில் செய், நுனியின் விட்டத்தை 13 மில்லிமீற்றரிலிருந்து 12க்கோ அதற்கும் கீழேயோ கொண்டுவா. இப்படிச் செய்த தண்டுகளையே குறைவிலகல் தண்டு என்கிறார்கள். நம் நாட்டில் பலர் முதலில் பிடிப்பது ஸ்னூக்கர் கியூவாக இருக்கும். அதன் நுனி 9 அல்லது 10 மில்லிமீற்றர்தான், ஆனால் பூண் பித்தளை. மெலிவால் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதியைப் பித்தளை தின்றுவிடுகிறது. ஸ்னூக்கர் பந்து சிறியது, 5.25 சென்ரிமீற்றர். அந்த மெல்லிய நுனியை 170 கிராம் வரை எடையுள்ள பூல் பந்தோடு நாள்தோறும் மோதவிடுவது நல்லதல்ல.

திருகோணமலைக் காடுகளின் மரம் உலகப் புகழ் பெற்றது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை என்றும் சொல்லும் மரத்துக்கு ஆங்கிலேய வணிகர் வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’. வண்டியும் படகும் பீப்பாயும் செய்ய அது கடல் கடந்து போயிற்று. முதிரையும் கருங்காலியும் இங்கே விளைகின்றன. இத்தனை இருந்தும் முன்தண்டுக்கு ஏன் வட அமெரிக்க மேப்பிளைத் தேட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். முனைத்திணிவே அதற்கும் விடை சொல்கிறது. கருங்காலி தண்ணீரில் போட்டால் தாழும். நன்கு உலர்ந்த முதிரையும் தண்ணீரின் அடர்த்திக்குக் கிட்டவே நிற்கும். வன்மேப்பிளின் அடர்த்தி தண்ணீரின் பத்தில் ஏழு பங்கு அளவுதான், ஆனாலும் அடியைத் தாங்கும் உறுதி அதற்கு உண்டு, இழை நெருக்கமாகவும் சீராகவும் ஓடும். முதிரையில் முன்தண்டு கடைந்தால் நுனி ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் கனமாகி விலகலைக் கூட்டிவிடும். அதே முதிரையும் கருங்காலியும் அடித்தண்டில் இருந்தால் ஒரு குறையும் இல்லை. எடை வேண்டிய இடம் அது, முனை பந்தைத் தொடும் கணத்தில் அங்கே எதுவும் போய்ச் சேர்வதில்லை. கியூவின் அடித்தண்டுக்குக் கருங்காலியை உலகம் விரும்பியதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல.

மேப்பிளுக்கு இங்கே ஒரு பகை உண்டு, அது காற்று. 1835இல் பிரெஞ்சுக்காரர் காஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ் இரண்டு விடயங்களை எழுதி வெளியிட்டார். ஒன்று பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதம் பற்றிய நூல். சுழலும் பந்து துணியின் உராய்வால் வளைந்து போகும்போது அதன் பாதை ஒரு பரவளைவு என்று அதில் காட்டினார். மற்றது, சுழலும் ஒன்றின் மேல் நகரும் பொருள்கள் எப்படித் திசை திரும்பும் என்பது பற்றிய ஆய்வு. பிற்காலத்தில் வானிலை அறிஞர்கள் அதைப் பூமிக்குப் பொருத்தினார்கள். நடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து வரும் காற்று, கோட்டைக் கடந்ததும் திரும்பித் தென்மேற்குக் காற்றாக நம்மிடம் வருவதற்கு அந்த விளைவே காரணம். ஒரே மனிதர், ஒரே ஆண்டில், பில்லியர்ட்ஸ் மேசையையும் நம் பருவக்காற்றையும் தொட்டிருக்கிறார். திருகோணமலையில் முன்தண்டு வாங்குபவருக்கு அவருடைய இரண்டு வேலையும் வேண்டும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மத்திய மலைகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும் வழியில் சூடாகி, உலர்ந்துபோய்க் கிழக்குக்கு வருகிறது. கச்சான் வீசும் நாட்களில் உதடு வெடிப்பது அதனால். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு வங்காள விரிகுடாவின் ஈரம் முழுவதும் வந்து இறங்குகிறது, ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான். மரம் இந்த இரண்டு காற்றோடும் கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர் எடையில் சுமார் 12 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். 85 சதவீதம் ஆனால் அது சுமார் 18 சதவீதமாகும். நீர் ஏறினால் மரம் வீங்கும், இறங்கினால் சுருங்கும். தண்டின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்கிச் சுருங்கினால் பாதகமில்லை. இழை ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் சாய்ந்தும் ஓடும் தண்டில், இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் நீளும். தண்டு வளைவது அப்போதுதான். நல்ல பட்டறைகளில் முன்தண்டை ஒரே மூச்சில் கடைந்து முடிப்பதில்லை. கொஞ்சம் கடைந்து, மாதக்கணக்கில் ஆறவிட்டு, வளைந்ததை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை மறுபடி கடைவார்கள். மலிவான தண்டில் குறைவது மரத்தின் தரம் மட்டுமல்ல, இந்தக் காத்திருப்பும்தான்.

ஈரம் மேசைத் துணியையும் விட்டுவைப்பதில்லை. ஈரம் கொண்ட துணி பந்தை அதிகம் பற்றும். கியூவின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் உயர்ந்தே இருப்பதால், பக்கச் சுழற்சியோடு போகும் பந்து கொரியோலிஸ் சொன்னபடி வளைந்து, விலகிய பக்கத்திலிருந்து திரும்பி வரப் பார்க்கும். பற்று கூடினால் அந்தத் திரும்பல் விரைவில் தொடங்கும். ஓகஸ்டில் உப்புவெளியில் பழகி வைத்த குறி டிசம்பரில் தவறுவதற்குத் தண்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

இனி வாங்கும் கேள்விக்கு வருவோம். குறைவிலகல் தண்டு விலகலை ஒழிப்பதில்லை. இரண்டரைப் பாகையை இரண்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவரும், அவ்வளவுதான். ஒன்றேகால் மீற்றருக்கு 5 சென்ரிமீற்றருக்கும் மேல் விலகிய பந்து இப்போது 4 சென்ரிமீற்றர் விலகும். இரண்டு தண்டிலும் ஆட்டக்காரர் குறியைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்த வேண்டிய அளவு சிறியதாக இருப்பது தேர்ந்தவருக்கு உண்மையான உதவி, அதை நான் மறுக்கவில்லை. பழகுபவருடைய நிலைமை வேறு. அவர் நடுவில் அடிப்பதாக நினைத்துச் சற்றுப் பக்கத்தில் அடிப்பவர், ஒரே அடியை இரண்டு முறை ஒரே மாதிரி அடிக்க முடியாதவர். அந்தத் தடுமாற்றம் தண்டின் வித்தியாசத்தை விழுங்கிவிடும். இலங்கையின் எம். ஜே. எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது குறைவிலகல் தண்டு என்று ஒரு சரக்கு சந்தையிலேயே இல்லை. விலகலை அந்தத் தலைமுறை கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்க வேண்டுமானால் தண்டு மாறாமல் இருக்க வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று விடுதிச் சுவரில் சாய்ந்திருக்கும் கியூக்களை எடுத்து ஆடுபவருக்கு மூளை எந்த விலகலை மனப்பாடம் செய்வது?

ஆகையால் என் கருத்து இது. முதல் தண்டாக, 12.5 முதல் 13 மில்லிமீற்றர் நுனியும் நடுத்தர மென்மையுள்ள தோலும் கொண்ட, நேரான, சாதாரண வன்மேப்பிள் தண்டு போதும். தடித்த நுனி தடுமாறும் கைக்குப் பொறுமை காட்டும். பணத்தை விலகல் குறைப்புக்குக் கொடுக்காமல் நேர்மைக்குக் கொடுங்கள். தண்டை அடித்தண்டிலிருந்து கழற்றி, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள், மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பொருத்திய கியூவை மேசையில் உருட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, மூட்டில் உள்ள சிறு பிழை தண்டின் வளைவைப் போலவே தோன்றும். இழைகள் நுனிவரை ஓடுகின்றனவா, இடையில் பக்கவாட்டில் வெளியேறி முடிகின்றனவா என்று பாருங்கள். வெளியேறும் இழைதான் வாடைக்காலத்தில் வளையப்போகும் இடம்.

காபன் நார்த் தண்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் வேறு விதமாகப் பதில் சொல்வேன். பிரெடேட்டர் நிறுவனம் 2016இல் ரெவோ என்ற காபன் தண்டை வெளியிட்டபின் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். அது வெறுங்குழாய், நுனி இலேசு, விலகல் குறைவு. இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய சிறப்பு, அது நீரைக் குடிப்பதில்லை, பருவம் மாறினாலும் வளைவதில்லை. விலை சில நூறு அமெரிக்க டொலர், அதற்கு மேல் தருவிக்கும் செலவும் உண்டு. இரண்டு மூன்று மரத்தண்டுகள் வளைந்துபோய் வாங்க வேண்டிவரும் என்று கணக்குப் பார்ப்பவர், ஆட்டத்தில் நிலைத்துவிட்டேன் என்று தெரிந்தபின் காபனுக்குப் போகலாம். விலகல் குறையும் என்பதற்காக மட்டும் முதல் ஆண்டிலேயே அந்தப் பணத்தைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரத்தண்டை வாங்கியவர் அதைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. சொந்தப் பாரத்திலேயே மெல்ல வளைந்து, அந்த வளைவிலேயே நின்றுவிடும். உறையில் போட்டு, அலுமாரியின் உள்ளே, வெளிச்சுவரில் படாமல் கிடையாக வையுங்கள். வெயிலில் நிற்கும் ஓட்டோவில் விட்டுப் போகாதீர்கள். ஆடி முடிந்ததும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்பு வியர்வை இழைக்குள் இறங்காது. ஈரத்துணி ஆகாது.

கடைசியாக, வாங்கிய தண்டின் விலகலை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். சுமார் ஒன்றரை மீற்றர் தொலைவில் இன்னொரு பந்தை வைத்து, வெள்ளைப் பந்தின் நடுவில் முனையை நிறுத்தி, அந்தப் பந்தின் நடுவுக்கு நேராகக் குறி வையுங்கள். மேசையில் ஊன்றிய முன்கையை அசைக்காமல், பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினால் முனை வெள்ளைப் பந்தின் வலப்பக்கத்துக்குப் போகும், கியூவும் இலக்குக்குச் சற்று வலப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அந்தக் கோட்டிலேயே, பின்பக்கத்தை இயன்றவரை தாழ்த்தி, உறுதியாக அடியுங்கள். கியூ வலப்பக்கம் திரும்பியிருப்பதும் எதிர்விலகல் இடப்பக்கம் தள்ளுவதும் சரியாக ஈடாகிவிட்டால் பந்து பழைய இலக்கின் நடுவிலேயே போய் மோதும். வலப்பக்கம் தவறினால் முன்கையைப் பந்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு ஊன்றுங்கள், இடப்பக்கம் தவறினால் முன்னுக்கு ஊன்றுங்கள். ஈடாகும் இடம் கிடைத்ததும் முன்கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் உள்ள தூரத்தை அளந்து வையுங்கள். சாதாரண மேப்பிள் தண்டுக்கு அது ஓர் அடிக்கு முன்பின்னாக இருக்கும், விலகல் குறைந்த தண்டுக்கு அதைவிட நீளும். தோலையோ பூணையோ மாற்றினால் நுனியின் எடையும் மாறும், அன்றைக்கே மறுபடி அளக்க வேண்டும்.